தலை மாறிய கதையும் ஊர் மாறிய சொல்லும்

(மைசூர் அக்ரஹாரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவியவர் இரண்டு நிபந்தனைகள் எழுதிவைத்திருக்கிறார். சொற்பொழிவில் தம்மைப் புகழக் கூடாது. ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. முதலாவதற்குக் கட்டுப்படுகிறேன். இரண்டாவதற்கு முயல்கிறேன்.

இங்கே வரும் வழியில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது நூற்றொரு கணபதி கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. சிறுவயதில் அந்தப் பிள்ளையார்களை எண்ணப் பார்த்து, ஒவ்வொரு முறையும் கணக்குத் தவறியிருக்கிறேன். நூற்றொரு யானைத் தலை, நூற்றொரு மனித உடல். ஜகன்மோகன் அரண்மனைப் பக்கம் நடந்தால் பரகால மடம். உடையார்களின் ராஜகுரு பீடமான அங்கே பூஜை குதிரை முகத்து ஹயக்ரீவருக்கு. வேறோர் உயிரின் தலையைத் தாங்கிய உடல்களைத் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டு வரும் ஊர் இது. அதனால் தலை மாறிய கதை ஒன்றை இங்கே வந்து சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். ஆனாலும் அந்தக் கதை ஜெர்மன் மொழிக்குள் போய் வந்த வழியை நாம் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை என்று எனக்கு ஓர் எண்ணம். பல வருஷங்கள் தவறாகப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

“மைசூரில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மன் இலக்கியம் எதற்கடா?” என்று என் தகப்பனார் கேட்டார். அப்போது பதில் இல்லை. பிறகு கிடைத்த பதிலும் இந்த ஊரிலேயே இருந்தது. 1905-இல் தஞ்சாவூர் ஜில்லாப் பண்டிதர் ஒருவர், கிரந்த எழுத்தில் இருந்த ஒரு சுவடியை இங்கே கீழ்த்திசை நூலகத்தில் கொடுத்தார். நூலகர் சாமசாஸ்திரி அதை அர்த்தசாஸ்திரம் என்று அடையாளம் கண்டு 1909-இல் அச்சிட்டார். பத்தே ஆண்டு. 1919-இல் மியூனிக் நகரில் அரசியலைத் தொழிலாகக் கொள்வது பற்றி மாணவர்களிடம் பேசி, அதே ஆண்டு அதை அச்சிட்ட சமூகவியலாளர் மாக்ஸ் வெபர், கௌடில்யருக்கு முன்னால் மாக்கியவெல்லி பால்குடி மாறாதவர் என்ற தோரணையில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். தஞ்சாவூர்ச் சுவடி, மைசூர் அச்சு, மியூனிக் பேச்சு. இப்படிப் போகிற சரக்கைப் பின்தொடர்வதுதான் என் தொழில் என்று தகப்பனாரிடம் சொல்லியிருக்கலாம். வெபரை மறந்துவிடாதீர்கள், மறுபடியும் வருவார்.

இனி கதை. வேதாளம் கேட்ட கேள்வி உங்களுக்குத் தெரியும். ஒரு பெண், அவள் கணவன், கூட ஒருவன். அந்த மூன்றாமவன் ஒரு பாடத்தில் அவள் சகோதரன், இன்னொரு பாடத்தில் கணவனின் நண்பன். ஆண்கள் இருவரும் தேவி சந்நிதியில் தங்கள் தலையைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள். இவள் தானும் சாகப் போகும்போது தேவி இரங்கி, தலைகளை உடல்களோடு ஒட்டவை, உயிர் தருகிறேன் என்கிறாள். பதற்றத்தில் தலைகள் மாறிப்போகின்றன. இப்போது இவளுக்குக் கணவன் யார்? உறுப்புகளில் சிறந்தது தலை, ஆகவே கணவனின் தலை உள்ளவனே கணவன் என்று விக்கிரமாதித்தன் பதில் சொல்கிறான். வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடுகிறது. ராஜாவுக்கு அடுத்த வேலை வந்துவிட்டதால், அந்தப் பெண் மேற்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்தினாள் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஜெர்மன் நாவலாசிரியர் தாமஸ் மன். அவருக்குக் கதையைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஹைன்ரிஷ் ஸிம்மர். ஹைடல்பெர்க்கில் இந்தியவியல் போதித்த ஸிம்மரை 1938-இல் நாஜி அரசு பணியிலிருந்து நீக்கியது. அவர் மனைவி, கவிஞர் ஹோஃப்மன்ஸ்தாலின் மகள். அந்தக் குடும்பத்தில் யூத ரத்தம் உண்டு என்பதுதான் குற்றம். இந்தியாவின் தெய்வங்களைப் பற்றி அத்தனை எழுதிய ஸிம்மர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. திருவண்ணாமலை ரமணரைப் பற்றி அவர் எழுதிய புத்தகம்கூட அவர் இறந்தபின் 1944-இல்தான், உளவியலாளர் யுங்கின் கவனிப்பில், வெளிவந்தது. உலகத் தாயாகிய தேவியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்றில் தலை மாறிய கதை இருந்தது. நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்காவில் இருந்த மன் அதைப் படித்தார். 1940-இல் ‘மாறிய தலைகள்’ என்ற குறுநாவல், ஜெர்மனியில் வெளியிட வழியில்லாமல், ஸ்டாக்ஹோமில் அச்சாகியது. அமெரிக்கப் பதிப்பை ஸிம்மருக்கே நன்றியோடு திருப்பித் தருவதாகச் சொல்லிச் சமர்ப்பித்தார் மன். வாங்கிய பாத்திரத்தைச் சும்மா திருப்பித் தராமல் பட்சணம் வைத்துத் தருகிற நம் வீட்டு வழக்கம் போல இருக்கிறது.

மன்னின் கதையில் ஸ்ரீதமன் பிராமண வழி வந்த வணிகன். சாஸ்திரம் படித்த தலை, மெலிந்த உடல். நந்தன் கொல்லனும் மாடு மேய்ப்பவனுமானவன். கறுத்துத் திரண்ட மேனி, எளிய மனம். நடுவில் சீதா. அவள் பதற்றத்தில் மாற்றினாளா, ஆசைப்பட்டு மாற்றினாளா என்பதை மன் கண்ணைச் சிமிட்டியே சொல்கிறார். காட்டில் ஒரு தபஸ்வி தலைக்குத் தீர்ப்பளிக்கிறார். அதற்குப் பிறகுதான் மன்னின் சாமர்த்தியம். தலை தான் பெற்ற புது உடலை மெல்ல மெல்லத் தன் வழிக்கு இழுக்கிறது. உடலும் சும்மா இருப்பதில்லை, தலையை மாற்றுகிறது. சில காலத்தில் இருவரும் ஏறக்குறைய பழையபடி ஆகிவிடுகிறார்கள், சீதாவுக்கும் பழைய ஏக்கம் திரும்பிவிடுகிறது. முடிவில் ஆண்கள் ஒருவரையொருவர் குத்திக்கொண்டு சாக, அவள் சிதை ஏறுகிறாள். பிள்ளை மிஞ்சுகிறான், கிட்டப்பார்வை உள்ள அவன் காசி ராஜாவுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் வேலையில் அமர்கிறான். அந்தச் சிதையை மன் விவரிக்கும் சிரிப்பு எனக்கு இன்றும் உறுத்துகிறது. யோசேப்பு நாவல்களுக்கு இடையில் ஓய்வுக்கு எழுதிய கதை என்று விமர்சகர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்வார்கள். ஓய்வில் எழுதினாலும் தீ சுடும்.

என் முனைவர் பட்ட ஆய்வு இந்தக் குறுநாவலைப் பற்றியதுதான். மூலம் எது என்ற இயலில், எனக்கு முன் எல்லோரும் எழுதியதையே நானும் எழுதினேன்: சோமதேவரின் கதாசரித்சாகரம், அதிலுள்ள வேதாளக் கதைகள், அங்கிருந்து ஸிம்மர், ஸிம்மரிடமிருந்து மன். சமஸ்கிருதத்திலிருந்து ஜெர்மனுக்கு நேராக ஒரு ராஜபாட்டை. பட்டமும் கிடைத்தது.

பிறகு ஒரு வைகாசி முதல் நாள். மைசூரிலிருந்து சென்னைக்குப் போகும் ரயிலில் இருந்தேன். குடியாத்தத்தில் திமுதிமுவென்று கூட்டம் ஏறியது. மஞ்சள் புடவையும் நெற்றி நிறையக் குங்குமமுமாக ஓர் அம்மாள் என் பக்கத்தில் இடம் பிடித்தார். என்ன விசேஷம் என்றேன். “கெங்கையம்மன் சிரசுத் திருவிழாப்பா. அம்மா தலையைக் கொண்டாந்து ஒட்டுவாங்க” என்றார். எதில் ஒட்டுவார்கள் என்று கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தார். “தலை ரேணுகாதேவியோடது, உடம்பு வேற ஒருத்தியோடது. ஊருக்கு வெளிய தள்ளிவச்ச பொம்பளையோடது.” காட்பாடி வருவதற்குள் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். என் ஆய்வேட்டில் மூலம் பற்றிய இயல் அறுபது பக்கம்.

அந்த அம்மாள் சொன்னது நீங்கள் கேட்டிருக்கக்கூடியதுதான். ஜமதக்னியின் மனைவி ரேணுகா, கற்பின் வலிமையால் குடமில்லாமல் தண்ணீரை உருட்டி எடுத்து வருகிறாள். ஒருநாள் ஆற்றில் கந்தர்வனின் நிழலைக் கண்டு மனம் ஒரு கணம் நழுவ, தண்ணீர் உருளாமல் கலைந்துபோகிறது. தகப்பன் ஆணைப்படி பரசுராமன் தாயின் தலையை வெட்டுகிறான். குறுக்கே வந்த, சாதியால் ஒதுக்கப்பட்ட பெண்ணின் தலையும் விழுகிறது. வரம் பெற்று உயிர்ப்பிக்கும்போது தலைகள் மாறிவிடுகின்றன. வடஆற்காடு முழுதும் இதற்குச் சாட்சி உண்டு. படவேட்டில் ரேணுகாம்பாளைச் சிரசாகத்தான் வணங்குகிறார்கள். வேதாளம் தன் கேள்வியைத் திருமணத்தைப் பற்றிக் கேட்டது. அம்மன் கதை கேட்பது சாதியைப் பற்றி.

இந்தக் கதை ஐரோப்பாவுக்கு எப்படிப் போனது என்று பார்க்க, சென்னையில் இறங்கியதும் நான் தேடிப் போனது பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றை. சொன்னரா என்ற இயற்கை ஆய்வாளர் 1774 முதல் 1781 வரை செய்த பயணத்தின் நூல். 1782-இல் பாரிஸில் வெளிவந்தது, மறு ஆண்டே ஜெர்மனில் வந்தது. புதுச்சேரிப் பக்கத்தில் கேட்டறிந்ததை வைத்து அவர் நம் தெய்வங்களைப் பற்றி எழுதினார். அதில் அம்மை நோய்க்குரிய ஒரு தேவியின் பெயர் இருக்கிறது. பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் பார்த்தால் ஏதோ இத்தாலியப் பெண்ணின் பெயர்போல் தோன்றும். வாய்விட்டுப் படித்தால் மாரியாத்தாள். உருண்டு வந்த தண்ணீர், வெட்டுப்பட்ட தலை, வேறு உடல் எல்லாம் அங்கே இருக்கின்றன.

அந்தப் புத்தகத்தைப் படித்தவர்களில் ஒருவர் ஜெர்மன் கவிஞர் கதே. அதிலிருந்து அவர் முதலில் எடுத்தது தேவதாசியின் கதை. 1797-இல் பாடலாக வந்தது. மாரியாத்தாளை உடனே எழுதவில்லை, மனத்தில் வைத்துக்கொண்டே இருந்தார். சில கருக்களை நாற்பது ஐம்பது வருஷம் உள்ளே வைத்திருந்தே எழுதினேன் என்று சொல்லும்போது, அந்தப் பட்டியலின் கடைசியில் இதையும் சேர்த்தார். 1824-இல், எழுபத்தைந்தை நெருங்கும் வயதில், ‘பாரியா’ என்ற மூன்று பாகக் கவிதையாக வெளியிட்டார். முதலில் ஒதுக்கப்பட்டவனின் வேண்டுதல், நடுவில் தலை மாறிய பிராமணப் பெண்ணின் கதை, கடைசியில் ஒதுக்கப்பட்டவனின் நன்றி. தலை பிரம்மாவின் சந்நிதியிலும் உடல் மண்ணின் ஆவேசத்திலுமாக நிற்கும் அந்தப் பெண், தெய்வமாகி, கீழே கிடப்பவர்களுக்காக மேலே பேசுகிறாள். தெய்வத்தின் காதுக்கு எட்டும் ஒரு வாய் இப்போது தங்களுக்கு உண்டு என்பதற்குத்தான் அந்த நன்றி. பத்துப் பேர் படித்தால் எட்டுப் பேர் இதைத் தாண்டி ‘ஃபாஸ்ட்’டுக்குப் போய்விடுவார்கள். கதே எழுதியவற்றில் இதற்கு இணையான இறுக்கம் உள்ளவை மிகச் சில என்பது என் கணிப்பு.

இங்கே ஒரு கிளைவழி, விட மனமில்லை. மாரியம்மனும் எல்லம்மனும் ஜெர்மன் மொழிக்குள் நுழைய பிரெஞ்சுக்காரர் தேவைப்பட்டிருக்கக் கூடாது. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, நம் கிராம தேவதைகள் உட்பட எல்லாத் தெய்வங்களையும் பற்றித் தமிழர்களிடமே கேட்டு, 1713-இல் ஜெர்மனில் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கே இருந்த மத குரு ஃபிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். உங்களை அனுப்பியது அஞ்ஞானத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்பது அவர் வாதம். அந்தக் கையெழுத்துப் படி நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் கிடந்து, 1867-இல் அச்சேறியது. எங்கே தெரியுமா? சென்னைப் பட்டணத்தில்! கதே இறந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இப்போது கவிதையின் தலைப்புக்கு வருகிறேன். ‘பாரியா’. நம் கடற்கரையில் ஐரோப்பிய வணிகர் காதில் விழுந்த ஒரு சாதிப் பெயர் அது. பறை என்ற கருவியோடு சேர்த்து விளக்கப்படும் தமிழ்ச் சொல். அங்கே போனதும் அது ஒரு மக்களின் பெயராக இல்லாமல், சமூகம் தள்ளிவைத்த எவரையும் குறிக்கும் பொதுச் சொல்லானது. ஒரு சமூகத்தின் பெயரை அவர்களைக் கேளாமலேயே உலகம் முழுவதற்கும் வசவாக்கிவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஜெர்மனில் அந்தச் சொல் இன்னொரு வேலையும் செய்தது. கதேயின் கவிதை வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1823-இல், பெர்லின் மேடையில் ‘பாரியா’ என்ற பெயரிலேயே ஒரு நாடகம் நடந்தது. எழுதியவர் மிகாயெல் பேர், யூத இளைஞர். இந்திய வேஷத்தில் அவர் பேசியது தம் மக்களின் நிலையை என்பது பார்த்தவர்களுக்குப் புரிந்தது.

வெபர் இங்கேதான் மறுபடியும் வருகிறார். 1917-இல் பண்டைய யூத மதத்தைப் பற்றி எழுதத் தொடங்கியபோது, முதல் பக்கத்திலேயே யூதர்களைப் பாரியா மக்கள் என்று வகைப்படுத்தினார். இந்தியச் சாதி பற்றி அவருக்குக் கிடைத்தவை குடிக்கணக்கு அறிக்கைகளும் ஆங்கிலேயர் எழுதிய நூல்களும். அதற்கு முன்பே சென்னையில் அந்தச் சொல்லின் சொந்தக்காரர்களுக்குள்ளேயே பெரிய வழக்கு நடந்திருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்து, இழிவென்று சொன்னதைத் தலை நிமிர்த்திச் சொன்னார். அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. அந்த மக்கள் பூர்வ பௌத்தர்கள், பகைவர் சுமத்திய பெயர் இது என்று, 1907-இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழில் வாரம்தோறும் எழுதினார். அவருடைய எழுத்தைப் பிற்காலத்தில் அச்சில் காப்பாற்றியது நம் மைசூர் சமஸ்தானத்துக் கோலார் தங்கவயல். அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. மைசூரிலிருந்து அர்த்தசாஸ்திரம் பத்தாண்டில் வெபரை எட்டியது. அயோத்திதாசர் எட்டவே இல்லை. எந்தச் சரக்குக்கு எந்த வண்டி கிடைத்தது என்று பாருங்கள்.

அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் வெபரின் சொல்லை வாங்கித் திருப்பிப் போட்டார். 1944-இல், அகதியாக நியூயார்க்கில் இருந்தபோது, பாரியாவாக யூதன் என்ற கட்டுரையில், ஒதுக்கப்பட்டதையே சுதந்திரமாக மாற்றிக்கொண்டவர்களை வரிசைப்படுத்தினார். ஹைன்ரிஷ் ஹைனே இருக்கிறார், சாப்ளின் இருக்கிறார், கடைசியில் காஃப்கா. ‘கோட்டை’ நாவலில் ஊருக்குள் வந்தும் ஊரில் சேர முடியாத அந்த நில அளவையாளனை நம்மில் பலர் இருத்தலியல் என்று படித்தோம். அரெண்ட் அவனைக் குறிக்க எடுத்த சொல் நம் சேரியிலிருந்து போனது.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். கதேயிடம் கதையும் சொல்லும் ஒன்றாக இருந்தன. 1824-க்குப் பிறகு இரண்டும் பிரிந்துவிட்டன. சொல் வெபர், அரெண்ட் என்று போய்ச் சமூகச் சிந்தனையானது. கதை மன்னிடம் போய் மனத்துக்கும் உடலுக்கும் நடக்கும் வேடிக்கையானது. 1940-இல் மன், 1944-இல் அரெண்ட். இருவரும் ஹிட்லரிடமிருந்து தப்பி ஒரே நாட்டில் இருந்தவர்கள். ஒருவர் கையில் தலை, இன்னொருவர் கையில் உடல். மன் கதேயைப் பற்றி ஒரு முழு நாவலை 1939-இல் முடித்துவிட்டு இந்தக் கதைக்கு வந்தவர். ‘பாரியா’ அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஸிம்மர் தந்த கதையில் சாதிக் கேள்வி இல்லை, அதைக் கேட்க மன்னுக்கும் தோன்றவில்லை. வர்த்தகனும் மாடு மேய்ப்பவனும் என்ற வேறுபாடு அவரிடம் உடல் வாகாக மட்டும் நின்றுவிட்டது.

கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கார்னாட் 1971-இல் ‘ஹயவதன’ எழுதியபோது எடுத்துக்கொண்டது மன்னின் கதையைத்தான், அதை அவர் மறைக்கவும் இல்லை. தேவதத்தன் பிராமணன், கபிலன் கொல்லன் மகன், நடுவில் பத்மினி. பிள்ளையார் முகமூடிக்குப் பூஜை செய்து நாடகம் தொடங்கும். நூற்றொரு கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு இங்கே வந்திருப்பவர்களுக்கு அதன் குறும்பு புரியும். குதிரைத் தலை கொண்ட ஹயவதனனை அவர் தாமாகச் சேர்த்தார். முழு மனிதனாக வேண்டும் என்று காளியிடம் கேட்கப் போனவன் முழுக் குதிரையாகிவிடுகிறான். தூக்கக் கலக்கத்தில் வரம் கொடுக்கும் அந்தக் காளியைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. ஆனால் சாதி இதிலும் ஓரமாகவே நிற்கிறது. மன்னைத் தாண்டிய கார்னாட், மன்னுக்குப் பின்னால் நின்ற அம்மனைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பத்மினியும் கடைசியில் தீயில்தான் இறங்குகிறாள். சீதாவைவிட அவளுக்கு வாய் உண்டு, அவ்வளவுதான்.

1984-இல் விஜயா மேத்தா ‘ஹயவதன’வை ஜெர்மன் மொழியில், ஜெர்மன் நடிகர்களை வைத்து வைமார் தேசிய அரங்கில் இயக்கினார். வைமார் கதேயின் ஊர். அங்கே அரசவை அரங்கை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவரே நடத்தினார். மாரியாத்தாளின் தலை புதுச்சேரியிலிருந்து புறப்பட்டு அதே ஊருக்கு இரண்டாம் முறை போய்ச் சேர்ந்தது, இம்முறை மைசூர்ச் சீமை வழியாக, கன்னடத்திலிருந்து.

இந்தத் துறையில் எனக்கு முன் நடந்தவர்களைச் சொல்லாமல் போகக் கூடாது. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் இந்திய அனுபவத்தை விருத்தகிரி கணேசன் ஆராய்ந்து 1974-இல் ஜெர்மனியில் நூலாக வெளியிட்டார். ஹெஸ்ஸேயின் தாய் பிறந்தது தலச்சேரியில். தாத்தா குண்டர்ட் மலையாள அகராதி செய்தவர். அடுத்த ஆண்டே 1900-ஐ ஒட்டிய ஜெர்மன் எழுத்தாளர்களிடம் இந்தியா எப்படி இருந்தது என்று கணேசன் இன்னொரு நூல் எழுதினார். தில்லியில் அனில் பாட்டி, பண்பாடுகளை வேறுபாட்டால் மட்டுமே அளப்பதை விட்டு ஒப்புமையாலும் பார்க்கலாம் என்று வாதாடினார். அவர் டோரதே கிமிஷுடன் தொகுத்த நூல் 2015-இல் வந்தது. அவர் சொல்லும் ஒப்புமை எனக்குப் பிடித்த சொல். ஆனால் தலை மாறிய கதையில் யாருக்கு யார் ஒப்பு என்று முடிவு செய்கிற உரிமை எப்போதும் தலைக்கே போய்விடுகிறது. ஆய்விலும் அப்படித்தான்: சமஸ்கிருத மூலம் கிடைத்தால் தலை கிடைத்துவிட்டது என்று தேடுவதை நிறுத்திவிடுகிறோம். நான் நிறுத்தினேன்.

இப்போது நாம் உட்கார்ந்திருக்கிற இடத்தின் பெயர் அக்ரஹாரம் என்பதை நான் மறக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்ல இதைவிடக் கூச்சம் தருகிற தெரு எனக்குக் கிடைத்திருக்காது. என் ஆய்வேட்டை இப்போது திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். மூலம் பற்றிய அந்த அறுபது பக்கத்தில் முப்பதை எடுத்துவிட்டேன்.

அதற்காகச் சில வருஷங்கள் முன்பு குடியாத்தத்தில் ரயிலை விட்டு இறங்கி, திருவிழாவை நின்று பார்த்தேன். முத்தியாலம்மன் கோயிலிலிருந்து காலையில் சிரசு புறப்படுகிறது. தெருவுக்குத் தெரு தேங்காய் உடைகிறது. கால் வைக்க இடமில்லாமல் சிதறு தேங்காய். கெங்கையம்மன் கோயிலில் காத்திருக்கும் அந்த இன்னொருத்தியின் உடலில் தலையைப் பொருத்துகிறார்கள். பொருந்தும் கணத்தில் எழுகிற சத்தத்துக்கு எந்த மொழியிலும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. பகல் முழுதும் சனங்கள் கும்பிட்டு முடித்தபின், இரவில் தலையை இறக்கி முத்தியாலம்மன் கோயிலுக்கே திரும்பக் கொண்டுபோகிறார்கள். “ஏன் எடுத்துவிடுகிறீர்கள்?” என்று பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரைக் கேட்டேன். “அடுத்த வைகாசிக்கு ஒட்டணுமில்ல?” என்றார்.